தீபாவளி முதல் பொங்கல் வரை சாப்பாடு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு சின்ன கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. ஐப்பசி பிறந்தால் போதும், எதிரே வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே இருபது கேள்வியைத்தான் கேட்பார்கள். தீபாவளி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கந்த சஷ்டி, அப்புறம் கார்த்திகை, மார்கழிப் பிரசாதம், கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்று மாதம் வாய்க்கு ஓய்வே கிடையாது. பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் ஓய்வில்லாததால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. மாத்திரை, இன்சுலின் அளவை மட்டும் இதைப் படித்துவிட்டு மாற்றாதீர்கள், அது உங்கள் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

தீபாவளி வருசத்துல ஒரு நாள். அன்னிக்குமா மேடம் கணக்குப் பார்த்துச் சாப்பிடணும்?

வேண்டாம், சாப்பிடுங்கள். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுத்துணியோடு இட்லிக்கும் வடைக்கும் சுசியத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் போய் கலோரி பேசுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரு நாள் சாப்பாட்டில் யாருக்கும் தொப்பை விழுவதில்லை.

வில்லங்கம் மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. அலமாரியில் இருக்கிறதே அந்த எவர்சில்வர் டப்பா, அதுதான் வில்லங்கம். டீயோடு ரெண்டு, டிவி பார்க்கும்போது ரெண்டு, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் கை தானாகவே மூடியைத் திறக்கும். பண்டிகையன்று தின்றதைக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள், அதற்கடுத்த மூன்று வாரத்தில் டப்பாவிலிருந்து போனதைக் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. 195 பேரின் எடையைத் தொடர்ந்து பார்த்தார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை நீளும் அவர்களது பண்டிகைக் காலத்தில் சராசரியாக ஏறியது 0.37 கிலோ. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஏறிய அந்த எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. அதே வேகத்தில் இருபது தீபாவளிக்குக் கணக்குப் போட்டால் ஏழு கிலோவைத் தாண்டும். நடுவயதில் "எப்படி ஏறிச்சுன்னே தெரியல" என்று சொல்கிறோமே, அந்த எடையில் ஒரு பங்கு இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

வீட்ல சுட்ட முறுக்குதான், அரிசி மாவும் உளுந்தும். அதுல அப்படி என்ன இருக்கு?

எண்ணெய் இருக்கிறது. எவ்வளவு என்று எனக்கே சரியாகத் தெரியாமல்தான் இருந்தது, போன தீபாவளிக்குச் சமையலறைத் தராசை வைத்து அளந்து பார்க்கும் வரை. ஒரு கிலோ மாவு, ஒரு லிட்டர் கடலை எண்ணெய். கடைசி ஈடு எடுத்து எண்ணெய் ஆறியதும் வடிகட்டி அளந்தால் 650 மில்லிதான் மிச்சம். காகிதத்தில் ஊறியது, அடுப்பில் தெறித்தது என்று கொஞ்சம் கழித்தாலும் முந்நூறு மில்லிக்கு மேல் முறுக்குக்குள் போயிருந்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா தராசு, என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே" என்றார்.

கணக்கு இதுதான். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, மாவுக்கு ஏறக்குறைய 3.5 கலோரி. ஆக 20 கிராம் எடையுள்ள ஒரு கைமுறுக்கு நூறு கலோரி. ரெண்டு இட்லி சாப்பிட்டதற்குச் சமம், ஆனால் ரெண்டு இட்லி கொடுக்கிற வயிறு நிறைந்த உணர்வு அதில் இல்லை. மிக்சரும் ஓமப்பொடியும் இதே ரகம்தான். முறுக்கையாவது எண்ணலாம், மிக்சரை எண்ண முடியாது, கை போகிற போக்குதான் அளவு.

சரி, அப்போ சுடவே கூடாதா?

சுடுங்கள், அளவைக் குறையுங்கள். மூன்று கிலோ மாவு பிசைவதெல்லாம் பத்துப் பதினைந்து பேர் ஒரே வீட்டில் இருந்த காலத்துக் கணக்கு. இன்று நாலு பேர் இருக்கிற வீட்டிலும் அதே அளவு சுடுகிறோம், காரணம் கேட்டால் "அம்மா அப்படித்தான் போடுவாங்க". ஒரு கிலோவே தாராளம். இன்னொன்று, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். துளி மாவு கிள்ளிப் போட்டால் சட்டென்று மேலே வர வேண்டும். காயாத எண்ணெயில் போட்டால் முறுக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு நமத்துப் போன மாதிரி இருக்கும்.

பெரிய டப்பாவை உயரத்தில், கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் வேண்டியதை மட்டும் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு மூடிவிடுங்கள். டப்பாவுக்குள் கைவிட்டுத் தின்பதற்கும் தட்டில் வைத்துத் தின்பதற்கும் உள்ள வித்தியாசம் ரெண்டே நாளில் உங்களுக்குத் தெரியும்.

வெல்லம், கருப்பட்டி போட்டா நல்லதுதானே? சீனிதானே விஷம்?

விஷம் என்ற வார்த்தையை விட்டுவிடுவோம். சீனியும் வெல்லமும் ஒரே கரும்பிலிருந்து வருகிறவை. 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி என்றால் வெல்லத்தில் சுமார் 380. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் கொஞ்சம் இரும்புச்சத்தும் தாதுக்களும் இருப்பது உண்மை, ஆனால் அதிரசம் தின்றா இரும்புச்சத்து சேர்க்கப் போகிறோம்? ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மணம், ருசி என்று கேட்டால் நானும் கருப்பட்டிக் கட்சிதான்.

இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் புதுப்பித்து வெளியிட்டன. அதில் சேர்க்கும் சர்க்கரைக்குச் சொல்லியிருக்கும் உச்ச அளவு ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மூன்று வேளை காபி டீ குடிப்பவர் பலகாரத்தைத் தொடும் முன்பே பாதிக்கு மேல் செலவழித்திருப்பார். அதனால் பண்டிகை வாரத்தில் காபியில் சர்க்கரையை நிறுத்திப் பாருங்கள், மைசூர்பாகுக்கு இடம் கிடைக்கும்.

நெய்ல செஞ்சா உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

டால்டாவில் செய்ததோடு ஒப்பிட்டால் நல்லது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. மற்றபடி நெய்யும் கொழுப்புதான், கிராமுக்கு அதே 9 கலோரி. ஒரு கரண்டி நெய் ருசி, கை நிறைய நெய் எடை.

முறுக்கு சுட்ட எண்ணெயை என்ன பண்றது? கொட்ட மனசு வரல.

கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு யாருக்குத்தான் மனசு வரும். ஆறியதும் துணியில் வடிகட்டி, மூடிவைத்து, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்கும் குழம்புக்கும் தீர்த்துவிடுங்கள். மறுபடி அதே எண்ணெயைக் காயவைத்து வடை சுடுவது, அதன் தலையில் புது எண்ணெயை ஊற்றி நிரப்புவது, ரெண்டும் வேண்டாம். கறுத்துப் போனாலோ, கையில் பிசுபிசுத்தாலோ, காய்ச்சும்போது நுரை கட்டினாலோ, சீக்கிரமே புகைந்தாலோ யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கு இதற்குச் சட்டமே இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உருவாகும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை 2018 ஜூலை 1 முதல் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை, கண்ணும் மூக்கும்தான் கருவி.

ஏர் ஃப்ரையர்ல முறுக்கு வருமா அக்கா?

வரும், முறுக்கு மாதிரி ஒன்று வரும். மாவில் வெண்ணெய் பிசைந்து, மேலே எண்ணெய் தடவினால் ஓரளவு மொறுமொறுப்பும் வரும். என் வீட்டில் ஒரு தட்டு செய்து வைத்தேன். யாரும் திட்டவில்லை, யாரும் தொடவும் இல்லை. பிடித்தால் செய்யுங்கள். என்னைக் கேட்டால் நிஜ முறுக்கு ரெண்டு தின்பது, பிடிக்காத முறுக்கு ஆறு தின்பதைவிட மேல். வேர்க்கடலை, பொட்டுக்கடலை வறுப்பதற்கு மட்டும் அது அருமையான சாதனம்.

லேகியம் சாப்பிட்டா எல்லாம் செரிச்சிடும்ல?

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் என்று அதில் போடுகிறவை வயிற்று மந்தத்துக்கு நாம் காலம்காலமாகப் பயன்படுத்துபவை. குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. காலையில் நெல்லிக்காய் அளவு சாப்பிட்டால் இதமாகவே இருக்கும், எனக்கு அந்தக் காரம் ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் செரிப்பது வேறு, கரைவது வேறு. நன்றாகச் செரித்தால் தின்ற கலோரி முழுதும் ஒழுங்காக உடம்பில் சேரும், அவ்வளவுதான். லேகியத்திலேயே வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவர் நாளுக்கு நாலு தடவை கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு "மருந்துதானே மேடம்" என்றார். வெந்நீரில் எலுமிச்சை, சீரகத் தண்ணீர் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில். குடிக்க நன்றாக இருக்கும், கொழுப்பை ஒன்றும் செய்யாது.

எனக்கு சுகர் இருக்கு. ஒண்ணே ஒண்ணு சாப்பிடலாமா?

இந்தக் கேள்வி கேட்காத நாளே கிடையாது. கேட்பதில் ஆச்சரியமும் இல்லை, 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிப் பேருக்கு மேல். உங்கள் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தால், டாக்டர் தனியாகத் தடை எதுவும் சொல்லவில்லை என்றால், சாப்பிடலாம். எப்போது, எதற்குப் பதிலாக என்பதுதான் பேச்சு. வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடுங்கள், அந்த வேளையின் சோற்றையோ இட்லியையோ குறைத்துக்கொண்டு. நடுத்தர அளவு அதிரசம் ஒன்றில் உள்ள மாவுச்சத்து ரெண்டரை, மூன்று இட்லிக்குச் சமம். அப்படியானால் அன்று மூன்று இட்லியை விட்டுக்கொடுக்க வேண்டும். நாலு இட்லியும் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் அதிரசம் என்றால் கணக்கு உதைக்கும்.

சாப்பிடும் வரிசையும் உதவும். முதலில் பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை போன்றவை, கடைசியில் சோறும் இனிப்பும் என்று போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பந்தியிலோ இலையில் முதலில் விழுவதே இனிப்பு. அதை ஓரமாகத் தள்ளிவைத்துக் கடைசியில் சாப்பிட்டால் பரிமாறுபவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடங்கள், வெடிப்புகை இல்லாத நேரமாகப் பார்த்து.

இவ்வளவும் ஒரு துண்டுக்கான பேச்சு. "ஒண்ணே ஒண்ணு" என்பது வீட்டுக்கு ஒன்று என்று பொருள்படுமானால், கீழே தட்டு பற்றிய கேள்வியைப் படியுங்கள்.

அப்போ சுகர் ஃப்ரீ ஸ்வீட் வாங்கிக்கலாமா? அதுல சர்க்கரையே இல்லையே.

சர்க்கரை இல்லை, கடலை மாவு இருக்கிறது, நெய் இருக்கிறது, பால்கோவா இருக்கிறது. கலோரி பாதியாகக்கூடக் குறைவதில்லை, அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் அந்த மூன்று வார்த்தை கொடுக்கிற தைரியத்தில் ஒன்றுக்கு நாலாகப் போகிறது. சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சர்க்கரை ஆல்கஹால் வகைகள் (பெயர்தான் அப்படி, சாராயம் இல்லை) அதிகமானால் வயிற்றைக் கலக்கிவிடும், வெளியூர் கிளம்பும் நாளில் ஜாக்கிரதை. எடை குறைக்கச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது, ஏற்கனவே சர்க்கரை நோய் இருப்பவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை என்றாலும். நல்ல மைசூர்பாகில் அரைத் துண்டு, மேலே சொன்ன மாதிரி. என் ஓட்டு அதற்குத்தான்.

யார் வீட்டுக்குப் போனாலும் தட்டு வைக்கிறாங்க. வேண்டாம்னு சொன்னா முகம் சுருங்கிடுது. என்ன பண்ண?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி, சத்துணவுப் படிப்பில் இதற்குப் பாடம் கிடையாது. தட்டில் நாலு முறுக்கு, ரெண்டு அதிரசம், ஒரு ஜாங்கிரி, நடுவில் குவியலாக மிக்சர், பக்கத்தில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபி. நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று அத்தை நிலைப்படியில் நின்று பார்க்கிறார். "டயட்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "அதெல்லாம் நாளையிலேருந்து இரு" என்ற பதில் தயாராக இருக்கும்.

எனக்குப் பலித்த வழி: தட்டு வந்ததுமே ஒன்றே ஒன்றை எடுத்துக் கடித்து, அதைப் பற்றியே பேசுவது. "சித்தி, முறுக்கு எப்படி இவ்வளவு வெள்ளையா வந்துச்சு, உளுந்தை வறுத்தீங்களா?" பேச்சு கைப்பக்குவத்துக்குத் திரும்பிவிட்டால் மிச்சத்தை யாரும் எண்ணுவதில்லை. மீதியை "வீட்ல கொடுத்துச் சாப்பிடச் சொல்றேன்" என்று பொட்டலமாக வாங்கிக்கொள்ளலாம், மனசும் கோணாது. காபியில் மட்டும் "சக்கரை வேண்டாம் அத்தை" என்று முன்கூட்டியே அடுக்களைக்குக் குரல் கொடுத்துவிடுங்கள். ஐந்து வீட்டுக்குப் போகிற நாளில் இது ஒன்றே பத்து டீஸ்பூன் மிச்சம்.

வாங்கி வந்த பொட்டலம் நம் வீட்டு டப்பாவில் போய்ச் சேரக் கூடாது. தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பதால் பலகாரம் தெருவையே சுற்றி வரும். அதில் வாழைப்பழமோ, கொய்யாவோ, வேர்க்கடலையோ வைத்து அனுப்பிப் பாருங்கள். எங்கள் தெருவில் மூன்று வருடமாகச் செய்கிறேன், இப்போது எனக்கும் பழம் வருகிறது.

ஆபீஸ்ல, கடையில குடுக்குற ஸ்வீட் பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும்?

பால், கோவா சேர்ந்தவை ஓரிரு நாள். கலாகந்த் மாதிரி ஈரமானதை அன்றே முடியுங்கள். நெய்யில் செய்த உலர்ந்த ரகங்கள் ஒரு வாரம் இருக்கும். சில்லறையாக வைத்து விற்கும் இனிப்புக்கும் எதுவரை நல்லது என்ற தேதியைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரிலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். பெட்டியில் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

கண்ணைப் பறிக்கிற நிறம் இருந்தால் நான் தொடுவதில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி சாயம் இருந்ததால்தான் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள், நிறத்துக்காக எதையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள். அசல் என்றால் தடம் தெரியாமல் மறைந்துவிடும், அலுமினியம் என்றால் சின்ன உருண்டையாகத் திரளும். வரிசையாக ஆறு பெட்டி வந்துவிட்டதா? ஒன்றைப் பிரியுங்கள், மற்றதை அன்றைக்கே யாருக்காவது கொடுங்கள்.

எங்க வீட்ல தீபாவளின்னா கறிதான். அது பரவாயில்லையா?

மதுரைப் பக்கத்து வீடுகளில் தீபாவளிக் காலையில் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாமல் பண்டிகையே இல்லை. ஆட்டுக்கறியில் புரதம் இருப்பதால் பலகாரத்தைவிடப் பசி தாங்கும். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, கொழுப்பும் குடலும் குறைத்து, வெங்காயம் வெள்ளரிக்காய் கூட வைத்துச் சாப்பிடுங்கள். பகலில் பிரியாணி, ராத்திரி சுக்கா என்று மூன்று வேளையும் போகும்போதுதான் மறுநாள் நெஞ்செரிச்சலோடு என்னைத் தேடுகிறீர்கள்.

நாலே நாள்ல ரெண்டு கிலோ ஏறிடுச்சு மேடம்! பயமா இருக்கு.

பயப்படாதீர்கள், அது முழுதும் கொழுப்பு இல்லை. ரெண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் வழக்கமாகத் தின்பதற்கு மேல் சுமார் 15,000 கலோரி தின்றிருக்க வேண்டும், நம்மால்கூட நாலு நாளில் அது சுலபமில்லை. மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். மிக்சர், முறுக்கு, ஊறுகாய் உப்பு வேறு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு வாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். தினம் தராசில் ஏற வேண்டாம், பத்து நாள் கழித்துப் பாருங்கள். அப்போதும் நிற்பதுதான் முதல் கேள்வியில் சொன்ன டப்பா எடை.

அப்போ மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டிடலாமா?

நான் பார்த்தவரை பட்டினி கிடந்தவர்களின் டப்பாதான் சீக்கிரம் காலியாகிறது. காலையும் பகலும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டு நாலு மணிக்குக் கை எங்கே போகும்? மூன்று வேளையும் சாப்பிடுங்கள், சாதாரணமாக: ரசம், கீரை, மோர், காய் ரெண்டு பங்கு, சோறு ஒரு பங்கு. நவராத்திரிக்குச் செய்த சுண்டலை ஏன் அதோடு நிறுத்தினீர்கள்? மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ இருந்தால் முறுக்கின் மேல் பாதி மயக்கம் போய்விடும்.

சஷ்டி விரதம் ஆறு நாளும் இருப்பேன். சுகர் மாத்திரை போடறேன். இருக்கலாமா?

இதற்கு நான் தலையாட்ட மாட்டேன், டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். குறிப்பாக இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள். சாப்பிடாமல் அவற்றை எடுத்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் விரதத்தைப் பார்க்காமல் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாத்திரை எதுவும் இல்லாதவர்களுக்கு வேறு தொல்லை: பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ராத்திரி பாலும் பழமும் என்ற பெயரில் அரை லிட்டர் பால், நாலு வாழைப்பழம், ரவா கேசரி. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் இதையே கேட்கிறார்கள், கறி மீன் விட்டும் எடை ஏறுகிறதே என்று. பஜனை முடிந்ததும் பாயசம், வடையோடு சாப்பாடு போட்டால் ஏறத்தானே செய்யும் சாமி?

பசங்களை எப்படிங்க கட்டுப்படுத்தறது?

ஓடியாடுகிற பிள்ளைகளை ரொம்பக் கட்டுப்படுத்தாதீர்கள், தடுக்கத் தடுக்க ஒளித்துத் தின்னக் கற்றுக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இனிப்பு இல்லை, ராத்திரி பல் தேய்க்காமல் தூக்கம் இல்லை, இந்த ரெண்டும் போதும். பொரிவிளங்காய் உருண்டை, கடலை மிட்டாய் மாதிரி பல்லில் ஒட்டுகிறவற்றுக்குப் பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் ஸ்வீட் என்று லஞ்சம் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மார்கழி முழுக்கக் கோயில் பொங்கல், நடுவுல கேக்கு. இதுக்கு என்ன பண்றது?

கோயிலில் தொன்னையில் கொடுக்கிற அளவே பிரசாதம், அந்த அளவுக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வழக்கமான டிபனும் சாப்பிடுகிறோம், அங்கேதான் கூடுகிறது. கூடாரவல்லி அன்று அக்காரவடிசல் கிடைத்தால் அதுவே காலை டிபன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வரும் பிளம் கேக்குக்கும் அதே விதி: மெல்லிய துண்டு, டீயோடு, அன்றைக்கு வேறு பலகாரம் இல்லை.

பொங்கலுக்குக் கரும்பு கடிச்சா நல்லதுதானே, நார்ச்சத்தாச்சே?

நாரைத் துப்பிவிடுகிறோமே! உள்ளே போவது சாறுதான். ஆனாலும் கடிப்பதில் ஒரு நன்மை உண்டு, தாடை வலிக்கும், ரெண்டு துண்டுக்கு மேல் போகாது. ஜூஸாகப் பிழிந்தால் ஒரு பெரிய டம்ளரில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஒரே மூச்சில். ரேஷனில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு கொடுத்தார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று விதி இல்லை. சர்க்கரைப் பொங்கலில் பாசிப்பருப்பைக் கூட்டி, வெல்லத்தைக் கால் பங்கு குறைத்துப் பாருங்கள், பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் இருக்கும்போது யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் தெரியவில்லை. மாமியாருக்கு மட்டும் தெரிந்தது.

டெஸ்ட்டுக்கு முன்னால மூணு நாள் இனிப்பை நிறுத்திட்டா ரிசல்ட் நல்லா வருமா?

வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் அழகாக வரும். ஹெச்பிஏ1சி என்று ஒரு சோதனை உண்டு, அது கடந்த ரெண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும், மூன்று நாள் நடிப்பு அதனிடம் எடுபடாது. தை மாதக் கடைசியில் எடுத்தால் கார்த்திகையும் மார்கழியும் பொங்கலும் அப்படியே தெரியும். பலர் "பண்டிகை முடிஞ்சு கொஞ்ச நாள் போகட்டும்" என்று பங்குனி வரை தள்ளுகிறார்கள். யாரை ஏமாற்ற? சோதனைக்கு முன் இனிப்பை மாற்றாதீர்கள், அந்த நாட்களிலும் எப்போதும் போலவே சாப்பிடுங்கள், டாக்டருக்கு நிஜம் தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும்.

அப்பாவுக்கு 79 வயசு, சுகர் இருக்கு. "இன்னும் எத்தனை தீபாவளி பார்க்கப் போறேன், விடுங்கடா"ங்கறார். என்ன சொல்றது?

விடுங்கள். முழுதாக இல்லை, ஓரளவு. இந்த வயதில் சர்க்கரை கொஞ்சம் கூட இருப்பதைவிடத் திடீரென்று இறங்கி மயங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து, அதனால் வயதானவர்களுக்கு டாக்டர்களே இலக்கைச் சற்றுத் தளர்த்தித்தான் வைக்கிறார்கள். அவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சாப்பாட்டோடு சேர்த்து அவருக்குப் பிடித்த ஒன்றை உட்கார வைத்துக் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் தின்னும்போது அவரை மட்டும் திண்ணையில் உட்கார வைப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, அதிரசம் இல்லாததை அல்ல. கடினமான முறுக்கு வேண்டாம், பல்செட் உடைந்தால் பொங்கல் வரை கஞ்சிதான்.

இந்தக் கேள்வியோடு வந்த மகன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஒண்ணு சாப்பிடுங்க ஐயா" என்றேன். "கடையிலயா, வீட்லயா?" என்று கேட்டார். வீட்டில் என்றேன். "அப்போ சின்னதா இருக்கும், ரெண்டு" என்றார்.